அத்தையின் லேப்டாப்பில் மாமா போட்ட விண்டோஸ்

பதினொரு வயதில் நான் சொன்ன ஒரு பொய்யை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கார் ரேஸ் விளையாட்டுக்காகச் சொன்ன பொய். அப்போது அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் எனக்கு வேறு இல்லை.

அப்பாவின் தங்கை அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி எம்.பில். படித்துக்கொண்டிருந்தாள். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி. வாராவாரம் போய் நண்டுகளை அளந்து எடை போட்டு வருவாள். கையில் கொடுக்குப் பட்ட தழும்பு எப்போதும் இரண்டாவது இருக்கும். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் அவளிடம் இருந்தது. அதில் விண்டோஸ் இருந்த காலத்தில், பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்குமாம். துறையில் இருந்த ஒரு சீனியர் அக்கா அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து கிழட்டு மெஷின் ஒழுங்காக ஓடியது. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகினால் வைரஸ் தொற்றிப் போல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் தொல்லையும் அவளுக்கு இல்லை. காசும் கிடையாது, யாருடைய சி.டி.யையும் திருட்டுத்தனமாகக் காப்பியடிக்கவும் வேண்டாம். எனக்கு அதில் இருந்த ஒரே குறை, என் வகுப்புத் தோழி கொடுத்த கார் ரேஸ் அதில் ஓடாது.

அம்மாவின் தம்பிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. எந்த மெஷின் எந்த நோயோடு வந்தாலும் மாமாவிடம் ஒரே மருந்துதான்: "ஒரு பார்மட் போட்டுட்லாம்." உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடுவார். அந்த மாமாவுக்குத்தான் அத்தையைக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பதில் இரண்டு பக்கமும் திருப்தி. அத்தையும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். மாமாவின் பைக் சத்தம் கேட்டால் அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். பொங்கலன்று எல்லாருக்கும் முன்னால் மாமா சீண்டினார்.

"ஓசில குடுக்குற சாமானுக்கு ஒரு கோளாறுன்னா யாருங்க வந்து நிப்பாங்க? நம்ம ஜனத்துக்குப் பழகுனது விண்டோஸ்தான். ஸ்டார்ட் பட்டன் இல்லன்னா என் கஸ்டமர் அழுதுடுவான்."

"உங்க கஸ்டமருக்கு அது சரிங்க. என் மெஷின்ல எது ஓடணும்னு நான் பாத்துக்கறேன்."

மாமா சிரித்தபடி கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் சிரித்தோம்.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. கொடுத்ததற்கான ரசீதைக் காட்டினால்தான் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் வேலை. முதல் மூன்று அத்தியாயங்களைக் கைடிடம் அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். ஓராண்டு நண்டுக் கணக்கும் கடைசி அத்தியாயமும் லேப்டாப்பில் மட்டும் இருந்தன. இதை அவள் என் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். கேட்டேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு காலை சித்தப்பா மகனுக்கு மொட்டை போடத் திருவந்திபுரத்துக்கு எல்லாரும் கிளம்பினார்கள். எழுதி முடித்தாயிற்று, பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி என்று முதல்நாளே லேப்டாப்போடு வீட்டுக்கு வந்திருந்த அத்தையும் போனாள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேன் தெருமுனை தாண்டியதும் லேப்டாப்பைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு மாமா கடைக்கு ஓடினேன்.

"அத்ததான் விண்டோஸ் போடச் சொன்னாங்க."

மாமா நம்பவில்லை. "நெசமாவா? அவுங்களா சொன்னாங்க?"

"ஆமா மாமா."

"உள்ள இருக்கறதெல்லாம் பேக்கப் எடுத்தாச்சாமா?"

பேக்கப் என்றால் வேறிடத்தில் நகல் எடுத்து வைப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆமாம் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பது தெரிந்தது. எடுத்தாச்சாம் என்றேன். கோயிலில் கூட்டத்தில் இருப்பாளே என்று அவரும் போன் போடவில்லை.

மாமா முகத்தில் அன்று வந்த சிரிப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. மற்ற மெஷின்களை வரிசையில் தள்ளி வைத்துவிட்டு இதை எடுத்தார். கீபோர்டின் இடுக்குகளைச் சின்ன பிரஷ்ஷால் துடைத்தார். தமிழ் எழுத்துருக்களை ஏற்றினார். திரையில் கடல் படம் வைத்தார், அவளுக்குக் கடல்தானே படிப்பு என்று. எனக்குக் கார் ரேஸ் ஓடியது. நான்கு சுற்று விளையாடிவிட்டு, வேன் வருவதற்குள் லேப்டாப்பை வீட்டில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மதியம் அத்தை வந்து லேப்டாப்பைத் திறந்தாள். கடலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அண்ணி, என் பைல் ஒண்ணும் காணும்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா போன் செய்தவுடன் மாமா வந்தார். வாசலில் நுழையும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் இருந்தேன். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"நான்தாங்க போட்டேன்" என்றார்.

"என்னக் கேக்காமயா?"

"ஆமாங்க. தப்புதான்." அவரே வீட்டுக்கு வந்து எடுத்துப்போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அத்தை சீனியர் அக்காவுக்குப் போன் செய்தாள். மெஷினை உடனே அணை, இனி எதையும் அதில் ஏற்றாதே, கையோடு எடுத்துக்கொண்டு வா என்றார் அவர். அப்பாவும் அத்தையும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்தேன். பாசம் என்று நினைத்துக் கூட்டிப்போனார்கள். பாசமாவது, மண்ணாவது! நான் இல்லாத இடத்தில் மாமா வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். அவர் பைக்கில் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வழி நெடுக அவரைக் கண்காணித்துக்கொண்டே வந்தேன்.

சீனியர் அக்கா ஊழியர் குடியிருப்பில் இருந்தார். ஒரு பென் டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு லேப்டாப்பை எழுப்பி, அழிந்ததைத் தோண்டும் வேலையைத் தொடங்கினார். பைல்கள் ஒவ்வொன்றாக வரத்தான் செய்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஆயிரக்கணக்கான எண்கள். எது நண்டு, எது பஸ் டிக்கெட், எது கல்யாணப் பத்திரிகை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று மெஷின்களில் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் கிடைத்தது, அதிலும் லினக்ஸ்தான். எந்தப் பட்டன் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கடை வைத்திருக்கிற மனிதர், வெட்கப்படாமல் அக்காவிடம் கேட்டுக் கேட்டுத் திறந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அத்தை அவரிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு, "இதாங்களா?" என்று மாமா கேட்டார். நண்டுக் கணக்கு. ஓராண்டும் முழுசாக இருந்தது. அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைசி அத்தியாயம் பாதிதான் தேறியது. மீதியை அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதினாள். அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைக்குப் பிரிண்ட். பைண்டிங் கடையில் பசை காய நாலே முக்கால். வாசலில் மாமா பைக்கை ஸ்டார்ட் செய்து தயாராக நின்றார். அத்தை அவரைத் தாண்டிப் போய் அப்பாவோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கொடுத்தாள். ரசீது வாங்கினாள். வேலையும் பின்னால் கிடைத்தது.

அன்று மாலை பஸ் நிலையத்தில் அத்தை அப்பாவிடம் சொன்னாள்: "அழிஞ்சது கூடப் பரவால்லண்ணே. எம்மேல அக்கறதான், தெரியுது. ஆனா ஒரு வார்த்த கேக்கணும்னே தோணலியே அவருக்கு. இன்னிக்கு லேப்டாப்பு, நாளைக்கு என்னா? வேணாம்ணே."

அப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். பிறகு பைக்கோடு தள்ளி நின்ற மாமாவிடம் போனார். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா மச்சான்?" என்றார். மாமா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத்தான் பார்த்தார். முதல்நாள் பார்த்த அதே பார்வை. கடலூர் பஸ் வந்து, ஆட்கள் ஏறி, கண்டக்டர் விசில் கொடுக்கும் வரைக்கும் பார்த்தார்.

அத்தை இப்போது புதுச்சேரியில் பேராசிரியை. மாமாவுக்கு மங்கலம்பேட்டையில் பெண் எடுத்தார்கள். விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். நான் சம்பளம் வாங்குவதே இன்று லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதற்குத்தான். எதையும் அழிப்பதற்கு முன்னால் உரியவரிடம் இரண்டு முறை கேட்பேன். நல்ல பழக்கம் என்று அலுவலகத்தில் மெச்சிக்கொள்கிறார்கள்.

அன்று அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மாமா என்னை மிரட்டத்தான் அப்படிப் பார்க்கிறார், நல்லவேளை காட்டிக்கொடுக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்து அத்தையின் மடியிலேயே தூங்கிப்போனேன். நானாகச் சொல்லிவிடுவேன் என்று அந்த மனிதர் கடைசி விசில் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.