திருஷ்டிக்கு நின்ற டென்மார்க்காரன்

எங்கள் வயலுக்கு ஒரு வருஷம் தண்ணீர் கொண்டுவந்தது டென்மார்க் சினிமா போஸ்டர் ஒன்று. சிரிக்காதீர்கள், சத்தியமாகத்தான் சொல்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா மஸ்கட்டில் இருந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் இருந்தது; அதை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். வாய்க்காலின் தலைப்பில் பெரியப்பா வயல், கடைசியில் எங்கள் வயல். பெரியப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். வாய்க்கால் தண்ணீரை மறித்து நிற்கிற மதகுப் பலகை அவர் சொன்னால்தான் ஏறும், இறங்கும். மூக்குக்குக் கீழே தபால்தலை அளவுக்கு ஒரு மீசை. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். கையில் பிரம்பு. அந்தக் கோலத்தில் அவர் வரப்பில் நடந்து வந்தால் ஊரே ஒதுங்கி நிற்கும். எனக்கோ, அடேயப்பா, சினிமாவில் வருகிற தளபதியே நேரில் வருவதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. தன் வயல் நிரம்பி வழிந்த பிறகும் பெரியப்பா பலகையைத் தூக்கவில்லை. எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்தது. அம்மா தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "பார்க்கலாம்மா" என்பார். மறுநாளும் பார்க்கலாம்தான். பயிர் போனால் எங்கள் வருஷச் சாப்பாட்டு நெல்லும் போச்சு என்பது எனக்கே தெரிந்திருந்தது. அம்மா திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அழுகையாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லீவில் வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். டென்மார்க்கில் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாக ஒரு போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். ராணுவ உடுப்பு, உயரமான பூட்ஸ், துளியூண்டு மீசையோடு ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்தி முழித்துக்கொண்டிருந்தான். மேலே குறுக்குக்கோடு போட்ட வட்டங்களோடு ஏதோ எழுத்து. "தரங்கம்பாடிக் கோட்டையக் கட்டுனவங்க பாஷை" என்றார் மாமா. உலகத்தையே ஆட்டிவைத்த ஒரு சர்வாதிகாரியைக் கிண்டல் செய்து, யுத்தம் நடக்கும்போதே எடுத்த சிரிப்புப் படமாம். அம்மா கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். எனக்குப் பாதியிலேயே சலித்துவிட்டது. சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் அம்மா அந்தப் போஸ்டரை அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மூங்கிலில் கட்டி எங்கள் வயலில் நட்டுவிட்டாள். வயலோரம்தான் பஸ் நிற்கிற இடம், எதிரே டீக்கடை. மீசைக்காரன் கழுத்தில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பயிருக்குக் கண்ணு பட்டுடுச்சு, திருஷ்டிக்கு வெச்சிருக்கேன்" என்றாள் கேட்டவர்களிடமெல்லாம். புது வீட்டுக்கும் செழித்த வயலுக்கும் முழி பிதுங்கிய பொம்மை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தானே, நான் அப்படியே நம்பினேன். டீக்கடைக்காரர்கள் மட்டும் ஏன் குனிந்து குனிந்து சிரித்தார்களோ!

மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். அதே பூட்ஸ், அதே பிரம்பு. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து நின்றார்கள்.

"ஏம்மா, என்ன கூத்து இது? எடு முதல்ல."

"திருஷ்டி பொம்மைங்க. ஏங்க எடுக்கணும்?" சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவ்வளவு பணிவாகக் கேட்டாள் அம்மா.

"எல்லாரும் சிரிக்கிறானுங்கல்ல!"

"டென்மார்க்காரனப் பார்த்துதானே சிரிக்கிறாங்க? உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

பெரியப்பா டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு நல்ல சங்கதியை அவரிடம் யாரும் சொல்லவில்லையே! அவர் சந்தோஷப்படட்டும் என்று கத்தினேன்: "பெரியப்பா, அது அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்கு!"

டீக்கடையே அதிர்ந்தது. நாற்றுக்கட்டு சுமந்து போன பெண்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகப் போய் மீசையை மறைத்துக்கொண்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சின்னப் புள்ள, மனசுல வெச்சுக்காதீங்க. தண்ணி பாஞ்சு பயிர் பச்சை புடிச்சா திருஷ்டி கழிஞ்ச மாதிரி. அன்னிக்கே எடுத்துடறேங்க."

மறுநாள் விடிவதற்குள் பலகை ஏறியிருந்தது. வந்ததய்யா தண்ணீர்! சருகைத் தள்ளிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு வந்த அதன் முனையோடு போட்டி போட்டு நான் வாய்க்கால் கரையில் ஓடினேன். வயலின் வெடிப்புகளில் குபுகுபுவென்று இறங்கியது. அம்மா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம், எழுந்திருக்க மனசே இல்லை. அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்தபோது பெரியப்பாவின் மேலுதடு வழவழவென்று இருந்தது. காலில் சாதாரணச் செருப்பு. டென்மார்க் பொம்மை திருஷ்டி கழிப்பதில் கில்லாடி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் போஸ்டர் இன்று தஞ்சாவூரில் என் வீட்டுக் கூடத்தில், எலுமிச்சைக் கறையோடு, கண்ணாடிக்குள் இருக்கிறது. செழித்து நிற்கிற பயிர்மேல்தான் கண் படும். வெடித்துக் காய்ந்து கிடந்த எங்கள் வயலைப் பார்த்து ஊரில் யார் பொறாமைப்பட்டிருப்பார்கள்? டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தோன்றியிருக்கிறது. எனக்கும் பெரியப்பாவுக்கும்தான் தோன்றவில்லை.