பானை ஓடும் ஷமீம் வீட்டு வாசக்காலும்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது... அது பத்திரிகையில் என் பத்தி வந்த பக்கம்!

இத்தனை வருடமாக எழுதுகிறேன். என் பத்தியைக் கிழித்து எடுத்துக்கொண்டு விருத்தாசலத்திலேயே ஒருத்தர் வீடு தேடி வருவது இதுதான் முதல் தடவை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். "வாங்க வாங்க, உள்ள வாங்க, காபி சாப்பிடறீங்களா?"

அவர் உள்ளே வரவில்லை.

"அக்கா, இத எழுதுனது நீங்கதானா?"

"ஆமாம்மா!" பல்லெல்லாம் தெரிய நான்.

"இதுல எழுதியிருக்கற மனை என்னுதுக்கா. என் பேரு ஷமீம். நீங்க எழுதுனதுலேர்ந்து வூட்டு வேல நின்னு போச்சு."

காபி கேட்ட வாய் அப்படியே மூடிக்கொண்டது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் புதுக் கிறுக்கு தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொல்லியல் ஆர்வலர்களுக்கு என்று ஒருநாள் பயிற்சி வைத்தார்கள், போனேன். அன்றிலிருந்து நான் நிமிர்ந்து நடப்பதில்லை. எங்கே போனாலும் கண் தரையில்தான். நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பட்டுப்புடவையோடு உழுத வயலில் இறங்கியிருக்கிறேன். திட்டக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டிருக்கிறேன் – ரோட்டோரம் எங்கே பள்ளம் தோண்டியிருக்கிறது என்று பார்க்க. என் கணவர் சொல்வார்: "ஊர்ல எல்லாரும் குப்பைய வெளிய கொட்டறாங்க. நீ ஒருத்திதான் உள்ள கொண்டு வர."

பயிற்சி கொடுத்த சார் தெளிவாகத்தான் சொன்னார். சொந்தக்காரரைக் கேட்காமல் ஒரு மனைக்குள் கால் வைக்காதீர்கள். எடுப்பதற்கு முன் எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்று குறியுங்கள். எடுத்ததைக் கழுவாதீர்கள். மூன்றையும் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி!

ஒரு மாதத்துக்கு முன் சாயங்கால நடை. சேத்தியாத்தோப்பு சாலையில் ஒரு மனையில் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆள் யாரும் இல்லை. மண் மூன்று குவியலாகக் கிடந்தது. குவியலுக்குள்ளிருந்து பழுப்பேறிய, தடிமனான பானை ஓடுகள் எட்டிப் பார்த்தன. ஒன்றைப் புரட்டினேன். அதில் மீன் மாதிரி ஒரு கீறல்! இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று பன்னிரண்டு ஓடுகளைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமாக வந்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, நார் வைத்து, பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தேன். போட்டோ எடுத்தேன். எழுதினேன்.

என்ன எழுதினேன் தெரியுமா? "எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் எந்தக் கை கீறியதோ இந்த மீனை! அந்தக் கையில் வளையல் இருந்ததா?" – இப்படி. போதாததற்கு, எந்தச் சாலை, எந்தத் திருப்பம், பச்சை இரும்புக் கேட் போட்ட மனை என்று அடையாளமும் சொல்லிவைத்தேன். அந்த வாரம் வந்த பாராட்டு இருக்கிறதே... மூன்று நாள் நான் தரையிலேயே நடக்கவில்லை.

நான் மிதந்துகொண்டிருந்த அந்த நாட்களில் ஷமீமின் மனையில் என்ன நடந்தது? அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"மேஸ்திரி கிட்ட யாரோ படிச்சுக் காட்டிட்டாங்கக்கா. நாளைக்கு சர்க்காரு வந்து நிறுத்தும், நான் மாட்டிக்குவேன், கம்பி கட்ட மாட்டேன்னுட்டு வேற வேலைக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கெழம புள்ள குட்டியோட வந்து குழியக் குச்சியால நோண்டுறாங்க. ஒரு பக்கம் கரையே சரிஞ்சு போச்சு. புள்ளைங்க அத்தா, எங்க வூட்டுக்காரரு, கத்தார்லேர்ந்து முப்பது நாள் லீவுல வந்திருக்காங்க. ரெண்டு வருஷம் கழிச்சு. வாசக்கால் வைக்கறப்ப தான் நிக்கணும்னு அதுக்காகவே வந்தாங்க. இன்னும் ஒம்போது நாள்தான் இருக்குது."

பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி.

"எடத்த எடுத்துக்குவாங்களாக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. பத்தி முழுக்கத் தெரிந்த மாதிரி எழுதிய எனக்கு, அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "அப்படியெல்லாம் எடுக்க மாட்டாங்கம்மா" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். தெரியாததை எழுதி வைத்தது போதாதா, தெரியாததைச் சொல்லவும் வேண்டுமா?

"நான் விசாரிச்சுச் சொல்றேன் ஷமீம். நீங்க தைரியமா இருங்க" என்றேன். தைரியமாம்! முதலில் அதை எனக்கு யார் சொல்வது?

அடுத்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் கணவரை எடுக்கச் சொன்னேன். கேட் சத்தம் கேட்டால் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று இருந்தது. சாருக்குப் போட்டோ அனுப்பினேன். "படத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வெளியூர்ல இருக்கேன், சனிக்கிழமை வரேன்" என்றார். சனிக்கிழமை! அதற்குள் ஷமீமுக்கு இன்னும் நான்கு நாள் போய்விடும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புதன்கிழமை சாமி படத்துக்கு முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டது இதுதான்: "இது பழசாக இருக்கவே கூடாது." ஒரு வருடமாகப் பழசு எங்கே, பழசு எங்கே என்று மண்ணைப் பார்த்து நடந்தவளின் வேண்டுதல் இது!

வியாழக்கிழமை சாயங்காலம் அதே காய்கறிப் பையோடு மனைக்குப் போனேன். கூட்டம் வந்தால் விரட்டுவதற்காக ஷமீம் அங்கே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காவல்காரி! என்னால் வந்த வேலை. பன்னிரண்டு ஓடுகளையும் பையிலிருந்து எடுத்து செங்கல் அடுக்கின் மேல் பரப்பினேன். எது எந்தக் குவியலில் கிடந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ம்ஹூம்.

எங்கள் ஊர் பீங்கான் சூளைகளில், அதாவது செராமிக் யூனிட்டுகளில், வேலை முடிந்து பெண்கள் போய்க்கொண்டிருந்த நேரம். அதில் ஒருவர் ஷமீமைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பெயர் செல்வி, இரண்டு தெரு தள்ளி வீடாம். செங்கல் மேல் இருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"ஐய... இது எங்க பெட்டியாச்சே! இத எதுக்குக் கழுவி வெச்சிருக்கீங்க?"

பெட்டி என்றால் வேறொன்றுமில்லை.

பீங்கான் பொம்மையோ ஃபியூஸ் கேரியரோ, சரக்கின் மேல் நேரே தீ படக்கூடாது. அதனால் முரட்டு மண்ணில் செய்த பெட்டிகளில் அடுக்கிச் சூளைக்குள் ஏற்றுவார்கள். பல பேர் சரக்கு ஒரே சூளையில் வேகும். எது யார் பெட்டி என்று தெரிவதற்காக, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு யூனிட்டுக்காரரும் தன் குறியைக் கீறிவிடுவார்கள். பல தடவை சூடேறிய பெட்டி ஒருநாள் விரிசல் விடும். அப்புறம்? உடைந்ததை லாரியில் ஏற்றி, பள்ளமான மனைகளில் கொட்டி மேடாக்குவார்கள். எங்கள் ஊரில் பாதி வீடு இதன் மேல்தான் நிற்கிறது. என் வீட்டுக் கேட்டுக்கு அடியில் கொட்டியிருப்பதும் இதுதான்!

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஒருநாள் பயிற்சி முடித்த கண்ணுக்குத் தெரியவில்லை.

"மீன் குறி எங்க ஓனருதுக்கா. நாந்தான் ஆணியால கீறுவேன். வால் இப்படிக் கோணலா வந்தா அது நான் போட்டது" என்று செல்வி சிரித்தார்.

அவர் கையைப் பார்த்தேன். வளையல் இருந்தது. பச்சை பிளாஸ்டிக், நான்கு.

ஷமீமுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "அல்லாஹ்வே! அப்ப ஒண்ணும் இல்லியா? நெசமாவே ஒண்ணும் இல்லியா?" உடனே கணவருக்குப் போன் போட்டார். மானம் போனால் என்ன, மனை பிழைத்தது!

செல்வி விளையாட்டுப் போல ஒவ்வொரு ஓடாக எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். "இது எங்களுது... இதுவும் எங்களுது... இது பக்கத்து யூனிட்டு..." பதினோராவது வரை வந்தார். பன்னிரண்டாவதைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். திருப்பிப் பார்த்தார்.

"இது எங்களுது இல்லக்கா."

மெல்லிய ஓடு. வெளியே சிவப்பு, உள்ளே கரும் கறுப்பு, வழவழவென்று இருந்தது. "எங்க மண்ணு இப்பிடி வராது. எந்தச் சூளையிலயும் இப்பிடிப் பாத்ததில்ல" என்றார்.

பயிற்சியில் சார் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்ன ஓடு எனக்கு ஞாபகம் வந்தது. அச்சு அசல் இதே மாதிரி. மீன் மயக்கத்தில் கழுவும்போதுகூட இதை நான் கவனிக்கவில்லை.

ஷமீம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "என்னக்கா?"

வாசகர்களே, அந்த நிமிடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஓட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். பை வாயைத் திறந்தே வைத்திருந்தேன். செல்வி அங்கே நின்றிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ... என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"இது ஒண்ணு மட்டும் நெசமாவே பழசா இருக்கலாம் ஷமீம். சார் கிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அங்கேயே நின்று, அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு சாரைக் கூப்பிட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது எந்த எடத்துல கெடந்துச்சு?"

"தெரியல சார். மூணு குவியல்லேர்ந்தும் எடுத்தேன். ஒண்ணாப் போட்டுக் கழுவிட்டேன்."

"சனிக்கிழமை வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை வந்தார். கடக்கால் குழிக்குள் இறங்கிச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முழுக்க உடைந்த பெட்டியும் லாரி மண்ணும்தான். ஆழமாகத் தோண்டியது செப்டிக் டேங்க் குழி ஒன்றுதான்; அதன் மண்ணும் நான் கிளறிய குவியல்களில் ஒன்றுதான். அதற்குள்ளே சுற்றிலும் செங்கல் கட்டிப் பூசியாகிவிட்டது. பூச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

"ஓடு பழசுதாம்மா, சந்தேகமில்ல. இந்த மனையோட அடியிலேர்ந்து வந்துச்சா, லாரி மண்ணோட எங்கேர்ந்தாவது வந்துச்சா... இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அத நான் தொல்லியல் துறைக்கு எழுதி அனுப்பிடறேன். இத வெச்சு வேலைய நிறுத்தணும்னு ஒண்ணுமில்ல. நீங்க வூட்டக் கட்டுங்க."

ஷமீம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் உயிர் வந்தது. அடுத்த நொடியே ஒன்று உறைத்தது. நான் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் அலட்சியம்தான் ஷமீமைக் காப்பாற்றியதா? அதற்கு நான் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா? இந்த வரியை எழுதுகிற வரைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

எனவே, என் பத்தியின் அதிகாரபூர்வத் திருத்தம்: அந்த மனையில் நான் பார்த்த மீன் குறி பழங்காலத்தது அல்ல. கீறியவர் செல்வி. சொந்தக்காரரைக் கேட்காமல் உள்ளே போனதும், கேட்காமல் எழுதியதும் என் தவறு. தயவுசெய்து யாரும் குச்சியோடு அங்கே போகாதீர்கள்.

மேஸ்திரி திரும்பி வந்துவிட்டார். வாசல் வரும் இடத்தை மட்டும் ராவோடு ராவாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை வாசக்கால் வைத்தார்கள். கூப்பிட்டிருந்தார்கள், கூச்சத்தோடு போனேன். பள்ளிவாசல் அஜ்ரத் வந்து துஆ ஓதினார். ஷமீமின் கணவர் ஹமீது ஒரு பக்கம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்க்கிறார் போல, கையை எடுக்கவேயில்லை.

எல்லாம் முடிந்து எனக்குப் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். திட்டப் போகிறார் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். அவர் அந்த ஓட்டைப் பற்றிக் கேட்டார்.

"அது ரொம்பப் பழசுங்களா?"

"ரொம்பப் பழசுன்னு எங்க சார் சொன்னாருங்க."

"எங்க எடத்துலேர்ந்துதானுங்களா?"

"தெரியலீங்க... நான் குறிச்சு வெக்கல."

செப்டிக் டேங்க் குழிப் பக்கம் திரும்பினார். ஷமீம் கண்ணால் அடக்குவதையும் மீறி மெதுவாகச் சொன்னார்: "தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ங்க. நமக்கு முன்னாடி இங்க யாரு வூடு கட்டி இருந்தாங்கன்னு."

மீனுக்குத் திருத்தம் போட்டாயிற்று. இந்த வரிக்கு என்ன திருத்தம் போடுவது?