முதல் ஆளாக அனுப்பிய வீடியோ

மகள் கண்டிக்குப் பக்கத்தில் கம்பளையில் ஏழாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது அம்மாக்களின் நம்பர்கள்தான். வீட்டுப்பாடம் அதில்தான் வரும். மாலையானால் போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். கவிதை ஒன்றை ஒப்புவித்து வீடியோ அனுப்பச் சொன்னபோது, மகள் "இன்னொரு தடவ எடுப்போம்மா" என்றாள். நான் கேட்கவில்லை. முதல் ஆளாக அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

இரண்டு நாளில், அந்த வீடியோவில் அவள் பல் தெரிய வாய் திறந்திருந்த முகத்தை வெட்டி யாரோ ஸ்டிக்கர் செய்து குழுவில் போட்டிருந்தார்கள். கீழே 'தேங்காய்த் துருவி' என்று எழுத்து. அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள். என் போனில் அழித்துவிட்டு, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வேனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பின் அவள் வகுப்பில் வாசிக்க எழும்புவதில்லை. சாப்பாடும் குறைந்தது. ஒரு நாள் கண்ணாடி முன் நின்று கேட்டாள்: "அம்மா, என் பல்லு அசிங்கமாவா இருக்கு?"

"சீச்சீ, யாரு சொன்னா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா கண்டியில டாக்டர்கிட்ட காட்டி கம்பி போட்டுக்கலாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவங்க சொன்னது சரின்னுதானே நீங்களும் சொல்றீங்க?"

ஸ்டிக்கர் வந்த நம்பருக்குரிய அம்மாவிடம் சண்டைக்குப் போவதா, குழுவிலிருந்து விலகுவதா, வேறு பள்ளிக்கூடம் பார்ப்பதா என்று நாள் முழுக்கக் குழம்பினேன். கடைசியில் அவளிடமே கேட்டேன்: "நான் என்ன செய்யணும், நீயே சொல்லு."

"டீச்சர்கிட்ட போவோம். நான்தான் பேசுவேன். நீங்க நடுவுல பேசக்கூடாது."

பேசினாள். ஸ்டிக்கரில் எழுதியிருந்ததையும் தன் வாயாலேயே சொன்னாள். நான் இரண்டு முறை வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். இனி வீடியோக்களைத் தனக்கு மட்டும் அனுப்பும்படி டீச்சர் அப்போதே குழுவில் குரல் பதிவு போட்டார்.

மறுநாள் அந்த நம்பருக்குரிய அம்மாவிடமிருந்து அழைப்பு. "அக்கா, எங்க வீட்டுக் கழுததான் செஞ்சிருக்கு. பக்கத்துலயே நிக்குது, மகள்கிட்ட குடுங்க." ஸ்பீக்கரைப் போட்டு மகளிடம் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு "சொரி."

"மத்தவங்களையும் அழிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள் மகள்.

எல்லோரும் அழித்திருக்க மாட்டார்கள். ஆனால் போன வாரம் அவளே கை தூக்கிப் பாடத்தில் ஒரு பந்தி வாசித்தாளாம்.

"யாரும் சிரிக்கலையா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒருத்தன் சிரிச்சான். நான் அடுத்த பந்தியையும் வாசிச்சேன்."