ஒரு ரூபாய் தோசை

அன்று மாலை கடையில் அம்மா இருந்தார், தோசைக்கல் இருந்தது, அதன் பக்கத்தில் ஸ்டாண்டில் என் பழைய செல்போன் இருந்தது. நான் இல்லை, கல்லூரியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். என் நண்பனும் இல்லை, ஆவடி குவார்ட்டர்ஸில் தன் வீட்டில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தான்.

நெமிலிச்சேரியில் இருக்கும் எங்கள் டிபன் கடைக்கு நான் எழுதிய ஆர்டர் இணையதளம் அன்றுதான் ஓடத் தொடங்கியிருந்தது. ஆர்டர் வந்தால் அந்த போனில் தெரியும். "ஒரு நாள் பாப்பேன். சரியா வர்லன்னா தூக்கிகினு போய்டு" என்று அம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்பு அடுப்படிவரை வந்து சேருமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நண்பன் என் வகுப்பு. சைபர் பாதுகாப்பு என்றால் சோறு தண்ணீர் மறப்பான். எதையும் முதல் பக்கத்திலிருந்து அவன் படித்து நான் பார்த்ததில்லை. முதலில் உடைப்பான், ஏன் உடைந்தது என்று பிறகு புத்தகத்தில் தேடுவான். "ஒடைச்சத நம்ம கையாலயே ஒட்டவெச்சாத்தான் மாமே அது படிப்பு" என்பான். நான் எதை எழுதினாலும் அவனிடம் உடைக்கக் கொடுப்பது வழக்கம். இதையும் கொடுத்திருந்தேன். கடையில் ஓட ஆரம்பித்துவிட்டதைத்தான் சொல்லவில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "இருபத்தஞ்சு தோசைடா! பணமும் வந்துடுச்சு, பச்சையா காட்டுது பாரு." மேசையில் பொட்டலங்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்குள் நண்பன் அழைத்தான். "இன்னா மாமே, உங்க கடைல தோசை ஒரு ரூவாதானாமே! இருபத்தஞ்சு தோசைக்கு வெலைய நானே மாத்தி அனுப்புனேன், கம்முனு வாங்கிக்கிச்சு."

"டேய், எங்கம்மா சுட்டே முடிச்சுட்டாங்கடா."

அந்தப் பக்கம் பைக் சாவி சலசலத்தது.

பைக்கில் பறந்து வந்தவன் அம்மாவிடம் தலையைச் சொறிந்தபடி விளக்கினான்: "தோசை வெலைய வாங்குறவங்க போன்லேர்ந்தே அனுப்புற மாதிரி எழுதிகிறான்மா. நான் ஒண்ணுன்னு அனுப்புனேன்."

"எந்தக் கடையில நைனா வாங்குறவன் வெல போடுவான்? காலேஜுக்குப் போய் இதத்தான் கத்துக்கினீங்களா?"

 கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, விலையைக் கடையின் விலைப்பட்டியலிலிருந்து மட்டுமே தளம் எடுக்கும்படி மாற்றினோம். அவன் மறுபடி ஒரு ரூபாய்க்குக் கேட்டுப் பார்த்தான். தளம் முடியாது என்றது. அவனுக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். அம்மா அந்த போனைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. மாவு தெறித்த திரையை முந்தானையால் துடைத்துத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

இன்று நண்பன் சம்பளத்துக்கே இப்படி உடைத்துப் பார்க்கிறான். கடைக்கு வந்தால், "இன்னா நைனா, இன்னிக்கு இன்னா வெல?" என்று அம்மா கேட்காமல் விடுவதில்லை. ஸ்டாண்ட் இன்னும் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, போன்தான் மாறிவிட்டது. அன்று சுட்டு வைத்த தோசைகளை முடிந்தமட்டும் தின்றோம். மிச்சத்தை ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்தோம். கிளம்பும்போது அம்மா கையை நீட்டினார்: "மாவு சும்மா வர்ல. தோசை இருவது ரூவா. இவன் குடுத்தது போக மீதிய வெச்சுட்டுப் போங்க."

இருவருமாக வைத்தது நானூற்று எழுபத்தைந்து ரூபாய்.