வெறும் மில்

மிளகாய்த்தூள் மில் நடத்துறவன்ர கண் எந்த நேரமும் சிவந்துதான் கிடக்கும். அதால ஏனெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. துணுக்காயில எனக்கு அப்பிடி ஒரு மில் இருக்கு. ஒரே மகள் யாழினி மாத்தறையில கம்பஸ் படிக்கிறாள். படிப்பு இலவசம்தான், போர்டிங்கும் சாப்பாடும் பஸ்சும் இலவசமில்லையே! பிள்ளையைத் தூரத்துக் கம்பசுக்கு அனுப்பிப்போட்டுப் போனைப் பாத்துக்கொண்டிருக்கிற சனங்களே, மிச்சம் உங்களுக்குத் தெரியும். எண்டாலும் சொல்லுறன்.

முதலாளிப் பட்டம்

கம்பசில உதவிப்பணம் குடுக்கினமாம். வருமானம் குறைவெண்டு கடிதம் எடுக்க, ஊர் அலுவல் பாக்கிற விதானையாரிட்டப் போனனான். கூரையில பாதித் தகரம் பறந்திட்டுது, மோட்டர் அடிக்கடி படுத்திடும், எல்லாம் சொன்னன். மனுசன் நல்லவர், தேத்தண்ணி தந்தார். கடிதம் மட்டும் தரேல்லை. ஏழையெண்டு காட்டவும் ஏலாது, பணக்காரனா இருக்கவும் ஏலாது, நடுவில கிடந்து அரைபடுறது நாங்கள்தான். வாசல் மட்டும் வந்து வழியனுப்பேக்க விதானையார் சொன்னார்: "மில் முதலாளிக்கு உதவிப்பணமோ அண்ணை? சனம் என்னைப் பாத்துச் சிரிக்குமெல்லே!"

பொங்கல் லீவு

பரமேஸ் அக்கா எங்கட மில்லுக்குத்தான் தூள் அரைக்கக் கொண்டுவாறவா. அவவின்ர மகனும் தூரத்தில, கொழும்பில படிக்கிறான். "பொங்கலுக்கு மகள் வந்திட்டாளோ?" எண்டு கேட்டா. வரேல்லை. போனில சொன்னாள், லீவு முழுக்க அங்க ஒரு துணிக்கடையில வேலைக்கு நிண்டால் போர்டிங் காசு சரிவருமாம், சிங்களமும் பழகலாமாம். "வா பிள்ளை, நான் எப்பிடியும் பாக்கிறன்" எண்டு சொல்ல வாய் உன்னினது. எப்பிடிப் பாக்கிறது? "சரியம்மா" எண்டிட்டுப் போனை வைச்சன். அவளுக்குப் பிடிச்ச மாதிரிக் கருக வறுத்து அரைச்ச தூளை மட்டும் பஸ்சில ஏத்திவிட்டன்.

அக்கா தூள் வாளியை மூடிக்கொண்டு சொன்னா: "படிப்பிக்கிறம் படிப்பிக்கிறம் எண்டு, பிள்ளையளைப் பாக்கிறதையே விட்டிட்டம் என்ன தம்பி?"

சத்தம்

எங்கட வீட்டுக்கும் மில்லுக்கும் ஒரே சுவர். ஸ்கூல் படிக்கேக்க யாழினி புத்தகத்தோட வந்து நிண்டு கத்துவாள்: "அப்பா, மில்லை நிப்பாட்டுங்கோ, படிக்கேலாமல் கிடக்கு!" நிப்பாட்டினால் ரியூசன் காசு ஆர் கட்டுறது எண்டு நானும் திருப்பிக் கத்துவன்.

போன கிழமை, சோதனைக்கு முதல்நாள் காலமை போன் எடுத்தாள். குரல் சரியில்லை. "காசு ஏதும் வேணுமோம்மா?" எண்டு கேட்டன்.

"வேண்டாமப்பா. இஞ்ச ஒரு சத்தமுமில்லை, எனக்குப் படிக்கேலாமல் கிடக்கு. மில்லை ஒருக்காப் போட்டிட்டுப் போனைப் பக்கத்தில வையுங்கோ."

அரைக்க ஒருத்தரும் வராத நேரம். கரண்ட் பில் ஞாபகம் வந்தது. போனால் போகட்டுமெண்டு சுவிச்சைப் போட்டன். போனை மல்லி மூட்டைக்கு மேல வைச்சிட்டுக் கதிரையில இருந்தன். பிள்ளை சுவருக்கு அங்கால இருந்து படிக்கிற மாதிரியே கிடந்தது. ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நல்லாயிருந்தது!

வாளியோட வந்த பரமேஸ் அக்கா மில்லுக்குள்ள எட்டிப் பாத்தா. ஒண்டுமில்லை. பிறகு என்னைப் பாத்தா: "தம்பி, வெறும் மில்லைத்தானே ஓட்டுறீர், பிறகேன் கண் இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

பிள்ளையைத் தூரத்தில விட்டுப் படிப்பிக்கிறவன், மில்லுக்குள்ள எப்பவும் ஒரு பிடி மிளகாயாவது போட்டு வைச்சிருக்கவேணும்.