புரியாணி வாசத்தில் துடைத்த வீடு

கடையில் விற்கும் தரை துடைக்கும் திரவமெல்லாம் நஞ்சு என்று ஒரு வீடியோ சொன்னது. நம்பி, இன்று தேசிக்காய்த் தோல், கறுவாப்பட்டை, கராம்பு போட்டு அவித்த தண்ணீரில் வீடு முழுக்கத் துடைத்தேன்.

துடைத்து முடிக்கவும், பல்லேபொலயிலிருந்து கணவரின் அக்கா வந்து இறங்கவும் சரியாக இருந்தது. வாசலிலேயே மூச்சை ஆழமாக இழுத்தார்.

"எனக்காகவா புள்ள புரியாணி ஆக்குற?"

தரை துடைத்த தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா மதினி, தம்முல இருக்கு."

அடுப்பில் இருந்தது பருப்பு. பின்கதவால் போய்க் கணவருக்கு ஃபோன் போட்டேன். பிளாஸ்டிக் பெட்டியில் புரியாணி வந்தது. சட்டியில் கொட்டிப் பரிமாறினேன்.

மதினி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வாசம் இதுல இல்லயே?"

சமையல் வாசம் வராத இயற்கைத் திரவம் யாருக்காவது தெரியுமா? மதினி வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் இருக்கிறார்.