ஆடாத படம்

மல்லிகா கம்ப்யூட்டர் திரையில், படத்தின் ஆட்டத்தைக் காட்டி ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா ஆடாமல் இருந்தால் கோடு மேசை விளிம்பு போல நேராகப் போகும். ஆடினால் ஏறி இறங்கும். போன வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்த படத்துக்குக் கோடு லேசாக நெளிந்திருந்தது. கூட்டத்தில் யாரோ இடித்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆவணிக் கல்யாணங்களில் நெளிவு பல்லுப் பல்லாக மாறியது. இப்போது தையில் எடுத்த கல்யாணத்துக்கு அது ரம்பம் மாதிரி நின்றது.

கேமரா பிடித்தவர் அவள் புருஷன் சின்னசாமி.

மல்லிகா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவள். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். பெண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் மாடியில் வீடியோ கடை வைத்திருந்த சின்னசாமிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாண கேசட்டில் பூப்பூவாக எழுத்து வர வேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்த காலம் அது. சின்னசாமி துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மலை வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, மானிட்டரைக் கைக்குழந்தை போல மடியில் அணைத்துக்கொண்டு மேலே கொண்டுவந்தவள் மல்லிகாதான். அவர் எடுப்பார், இவள் வெட்டி ஒட்டுவாள். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கோடு நெளிகிற வரைக்கும்.

சின்னசாமிக்குக் கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டு என்றாலே பிடிக்காது. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, கரடியூர்ப் பாறை விளிம்பில் நின்றுகூட எடுப்பார். "சின்னசாமி கை கல்லு மாதிரி" என்று மலை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் அவர் உயிரே இருந்தது.

அவர் அப்பா கடைசிக் காலத்தில் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல், கை உதறி உதறியே படுத்தவர். வாயில் கஞ்சி ஊற்றியது சின்னசாமி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார்: "எங்கப்பனாட்டம் எனக்கு வந்துச்சுன்னா, அன்னிக்கே மலையெறங்கி எங்கயாச்சும் போயிருவேன். நீ என்னத் தேடாத புள்ள."

அந்த வார்த்தையை மல்லிகா மறக்கவே இல்லை. கை ஆடுகிறது என்று எப்படிச் சொல்வாள் அவரிடம்?

சொல்லவில்லை. மறைத்தாள். அவள் படித்த இடத்தில் ஒரு சிடி கொடுத்திருந்தார்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற ப்ளக்-இன் அதில் இருந்தது. படத்தில் அசையாத ஒரு பொருளைத் தொட்டுக் காட்டினால் போதும். குத்துவிளக்கின் உச்சியோ, பந்தல் காலின் ஆணியோ, ஏதாவது ஒன்று. அந்தப் புள்ளி எந்தப் பக்கம் துள்ளினாலும் ப்ளக்-இன் முழுப் படத்தையும் எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்திவிடும். இழுக்கிற இழுப்பில் ஓரங்களில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்க்கும். அதற்கும் மல்லிகா வழி கண்டுபிடித்தாள். நாலைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். இருக்கிற ஆட்டத்திலேயே பெரிய ஆட்டம் எதுவோ, அதற்கு ஏற்றபடி படத்தைப் பெரிதாக்கு, கறுப்பு வெளியே போய்விடட்டும் என்று கட்டளை. மெஷின் கேட்டுக்கொண்டது.

முடிந்த கேசட்டை மட்டும்தான் சின்னசாமி பார்ப்பார். பார்த்துவிட்டு மீசைக்குள் சிரிப்பார்.

"பாத்தியா புள்ள, ஸ்டாண்டே கெடயாது. பாற மேல வெச்சாப்புல நிக்குது."

"ஆமாங்க," என்பாள் மல்லிகா. சொல்லிவிட்டுச் சமையல் மூலைக்குப் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

மாசி மாதம். ஒரு காலையில் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. மாரமங்கலம் சென்றாயன் வந்து நின்றார். காப்பியும் மிளகும் போடுகிற விவசாயி. வாசல் நிலை தலையில் தட்டும் உயரம். தோளில் துண்டு, கையில் கேசட். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அவர் தங்கை கண்ணம்மாள், கரடியூர்க்காரி. கண்ணம்மாளின் மகள் ராசாத்திக்குத்தான் தையில் கல்யாணம் நடந்தது.

"ஏனுங்க கேமராக்காரரே, என்னை வெட்டறதுக்கு மாப்பள ஊட்டுல என்ன குடுத்தாங்க?"

சின்னசாமி திகைத்தார். "உக்காருங்கண்ணா. மொதல்ல டீ குடிங்க."

"டீ கெடக்குது. இதப் போடுங்க."

கேசட் ஓடியது. ராசாத்தி மணையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் குத்துவிளக்கு சிற்பம் மாதிரி அசையாமல் நிற்கிறது. தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டும் சடங்கு நேரம். திரையின் இடது ஓரத்திலிருந்து இரண்டு கைகள் மட்டும் வந்தன. பட்டத்தைக் கட்டின. திரும்பிப் போய்விட்டன. முகம் இல்லை. தோள்கூட இல்லை.

"ரெண்டு கை! அது எங் கையின்னு எவன் ஒத்துக்குவான்? பந்தல் போட்டவன் கையின்னு சொன்னாலும் சரிதான். மாப்பள ஊட்டுல டிவில போட்டு ஊரே பாக்குது. பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையான்னு எங்கிட்டயே ஒருத்தன் கேக்கறான்."

"அண்ணா, உன்ன வெட்டச் சொல்லி எனக்கு என்னண்ணா ஆவப்போவுது?" கண்ணம்மாளின் குரல் கெஞ்சியது.

"பந்தியில உஞ் சம்பந்தி என்னை மொறச்சான். நீ பாத்துக்கிட்டுதானே நின்ன? இப்ப ஆளையே இல்லாமப் பண்ணிட்டீங்க!"

மல்லிகாவுக்குப் புரிந்துவிட்டது. வெட்டியது சம்பந்தி அல்ல, அவளுடைய ஸ்கிரிப்ட். அந்தக் காட்சியில் கேமரா ஒரு தடவை பலமாகத் துள்ளியிருந்தது. அந்த ஒரு துள்ளலை மறைக்க, காட்சி முழுவதையும் மெஷின் பெரிதாக்கிவிட்டது. ஓரத்தில் நின்ற மனிதர் திரைக்கு வெளியே போய்விட்டார். அவளோ விளக்கு நிற்கிறதா, விளக்கு நிற்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷர்களைப் பார்க்கவில்லை.

"அண்ணா, நான் உங்கள முழுசா எடுத்தேன்," என்றார் சின்னசாமி. அவர் கைக்கு வந்த அவமானம் அல்லவா? "நீங்க மீசையத் தடவுனதுகூட எனக்கு ஞாபகம் இருக்குது. மல்லிகா, அந்த ஒரிஜினல் டேப்ப எடு. கண்ணால பாக்கட்டும்."

மல்லிகா மேசை மேலிருந்த கேசட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"அது... அதுல வேற விசேஷம் எடுத்தாச்சுங்க. அழிஞ்சுபோச்சு."

"அழிச்சுட்டியா? என்னைக் கேக்காமயா?"

சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுக்க கண்ணம்மா. அழிச்சுட்டாங்களாம். நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கறீங்க. இன்னியோட உன் ஊட்டு வாசப்படி எனக்கு ஆவாது. நோம்பி திருநாளுக்கு எனக்குன்னு ஒரு புடி அரிசி போட்டுறாத."

அவர் படியிறங்கப் போனார். கண்ணம்மாள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா அம்மா இல்லாத பொம்பளைக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அந்த ஒரு அண்ணன்தான். அழுகைகூட வெளியே வராமல் அவள் தோள் மட்டும் குலுங்கியது.

மல்லிகா புருஷனைப் பார்த்தாள். கண்ணம்மாளைப் பார்த்தாள். ஐயோ, ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டை உடைக்கவா?

"அண்ணா, போவாதீங்க. டேப்பு இருக்குதுங்க."

உள்ளே ஓடினாள். பீரோவில் தன் கூரைப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த டேப்பை எடுத்துவந்தாள். சின்னசாமி அவளையே பார்த்தார். மல்லிகா டேப்பைப் போட்டுப் பட்டனை அழுத்தினாள்.

படம் வந்தது. விளக்கு குதித்தது. ராசாத்தியின் தலை மேலும் கீழும் உதறியது. பந்தலே காற்றில் கிடந்து அடித்துக்கொண்டது.

"அடங்கப்பா, பூகம்பமா வந்துச்சு அன்னிக்கு?" என்றார் வாசலில் நின்ற சென்றாயன். அடுத்த நொடி ஓரடி உள்ளே வந்தார். ஆடுகிற படத்தின் இடது ஓரத்தில் அவரே நின்றார், தலைப்பாகையும் மீசையுமாக, முழுசாக. பட்டம் கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணா, நீ அழுதிருக்கற," என்றாள் கண்ணம்மாள்.

"அழுவறதா? சாம்பிராணிப் பொக புள்ள அது."

"பொகையாட்டம் தெரியலையே," என்று அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள் அவள்.

சின்னசாமி சென்றாயனைப் பார்க்கவில்லை. திரையில் குதிக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து மல்லிகா?"

"வைகாசியிலிருந்துங்க." அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் கம்ப்யூட்டர்ல நிறுத்தி நிறுத்தி வெச்சேன். அதுலதான் அண்ணன் மொகம் போயிருச்சு. என்னை அடிங்க, திட்டுங்க. ஆனா போயிராதீங்க."

சின்னசாமி வலது கையை முன்னால் நீட்டினார். விரல்கள் இலை போல ஆடின. எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும் புள்ள. கொஞ்ச நாளா டம்ளரை எடது கையிலதான் புடிக்கறேன். நொம்பப் பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெளம்புவேன். அப்புறம் உன் கேசட்டப் பாப்பேன். படம் நிக்குது, அப்ப கைக்கு ஒண்ணுமில்ல, சும்மா மனசுதான்னு திரும்பிருவேன்." நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அந்தப் படத்த நம்பித்தான் டாக்டருகிட்டப் போவாம இருந்தேன்."

மல்லிகா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இத்தனை மாதம் அவள் செய்தது இதுதானா?

சென்றாயன் மெள்ள வந்து சின்னசாமியின் தோளில் கை வைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"கேமராக்காரரே, இந்த டேப்புலயே ஒரு காப்பி போட்டுக் குடுங்க. ஆடினா ஆடிட்டுப் போவுது. எங்கூரு பஸ்ஸுல உக்காந்து பாத்தா உலகமே இப்படித்தான் தெரியும். அது அப்புறம் ஆவட்டும். மொதல்ல ரெண்டு பேரும் சேலம் எறங்குங்க. இப்பவே. ஏ கண்ணம்மா, கீழ போயி பஸ்ஸ நிறுத்தி வெய்யி. நீ நின்னா எவனும் தாண்டிப் போவ மாட்டான்."

கண்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் சின்னசாமி, பக்கத்தில் மல்லிகா. வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. எதிரே இருந்த கம்பி ஆடியது, முன்னால் உட்கார்ந்தவர் மடியில் ஆரஞ்சுக் கூடை ஆடியது, கண்டக்டரின் பை ஆடியது. மல்லிகா அவர் வலது கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அது ஆடியது. பஸ் ஆட்டமா, கையின் ஆட்டமா, தெரியவில்லை. டாக்டர் என்ன சொல்வாரோ? அப்பாவுக்கு வந்ததுதான் என்பாரோ, மருந்துக்கு அடங்கும் என்பாரோ? பஸ் சேலம் போய்ச் சேராமல் இப்படியே குலுங்கிக்கொண்டு போனால்கூடப் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தது. வழி விடுவதற்காக டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினார். கண்ணாடிச் சத்தம் ஓய்ந்தது.

சின்னசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார். "நின்னுருச்சா?"

"பஸ்ஸு நின்னுருச்சுங்க."

"கை?"

மல்லிகா இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"நிக்கலீங்க," என்றாள்.